கைக்குட்டையைக் கடித்தபடி

மூன்று பேர் வாசித்த பதிவில் நான்காவதாக ஒரு குரல் கேட்டது.

இடைவேளையில் வெஸ்லின் ஹெட்போனைக் காதோடு அழுத்திக் கேட்டான். பியானோ அவனுடையது. டிரம்ஸ் சமியுல்லா, பேஸ் கிடார் கௌதம். அடியில் யாரோ வாய் திறக்காமல் முனகிக்கொண்டிருந்தார்கள்.

“நீங்கதாண்ணா,” என்றாள் ஒலிப்பதிவு செய்யும் அனிட்டா. “வாசிக்கறப்ப முனகுவீங்க இல்ல?”

உண்மைதான். சர்ச் குவையரில் பாடித் தொற்றிய பழக்கம். வெஸ்லினுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருடமும் கல்யாண வரவேற்புகளில் யார் யாருடைய பாட்டையோ வாசித்தாயிற்று. சொந்த மெட்டில், சொந்தப் பெயரில் ஒரு ஜாஸ் ஆல்பம் போட ஓசூரில் இந்த ஒரு கிளப்தான் இடம் கொடுத்தது, அதுவும் இன்று சாயங்காலம் மட்டும். முதல் தடவை வாசித்ததை வெளியே பாகலூர் ரோட்டில் போன கம்பெனி பஸ்ஸின் ஹாரன் கெடுத்தது. அடுத்ததைக் கரண்ட் கட் கெடுத்தது. இப்போது தன் வாயே!

“அந்த வாயக் கொஞ்சம் மூடிட்டு வாசிடா,” என்றான் சமியுல்லா.

வெஸ்லின் ஹெட்போனை மாட்டி, கைக்குட்டையைச் சுருட்டிப் பற்களுக்கு நடுவே கடித்துக்கொண்டு உட்கார்ந்தான். மேஜைகளில் பேச்சு மெல்ல அடங்கியது. வறுத்த கடலை வாசனையை மீறிப் பழைய பியானோவின் பூஞ்சை நெடி முகத்தில் மோத, கட்டைகளுக்கு மேலிருந்த கறுப்புப் பலகையில் தன் விரல்களின் பிம்பம் மங்கலாக ஊர்வதைப் பார்த்தபடி வாசிக்கத் தொடங்கினான்.

முனகல் கேட்டது. அவன் நாக்கு அசையவில்லை. தொண்டையும் அதிரவில்லை.

மெட்டு முடிந்து, மனம்போன போக்கில் வாசிக்கும் இடம் வந்தது. அடுத்து எந்தக் கட்டை என்று அவனுக்கே தெரியாது. முனகலுக்குத் தெரிந்திருந்தது. அது முதலில் போனது. விரல் பின்னால் போனது.

வேண்டுமென்றே மாற்றினான். அதையும் முன்பே பாடியிருந்தது.

இது என் பாட்டு. என்னுடையது!

பதிவு போனால் போகட்டும். இரண்டு கைகளையும் எடுத்து வாயைப் பொத்திக்கொண்டான்.

பியானோ நிற்கவில்லை.

கட்டைகள் தாமாக அமிழ்ந்தன. எழுந்தன. அவன் ஒருநாளும் வாசித்திராத அழகு. சமியுல்லா கண்மூடி அடித்துக்கொண்டிருந்தான். கௌதம் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தான். யாரும் வெஸ்லினைப் பார்க்கவில்லை.

ஹெட்போனில் அனிட்டா கத்தினாள். “இதாண்ணா! இதையே உங்க பேர்ல போட்டுரலாம். நிறுத்திராதீங்க!”

கறுப்புப் பலகையைப் பார்த்தான்.

அதில் தெரிந்தவனின் வாயில் கைக்குட்டை இல்லை. இரண்டு கைகளும் கட்டைகள்மேல். முனகியபடியே அவன் நிமிர்ந்து வெஸ்லினைப் பார்த்தான்.