இன்னொரு போனில் ஓடும் படம்

பேய் இல்லை என்பதை மனித குலத்துக்கு நிரூபித்துக் காட்டியவன் நான்தான். அதற்கு எனக்குத் தவமோ தத்துவமோ தேவைப்படவில்லை. ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரும் நாலு மாற்று இறக்கைகளும் போதுமாயிருந்தன.

கல்லூரி விடுதியில் என் பெயர் விசிறி டாக்டர். புதிதாகக் குட்டி ட்ரோன் வாங்கிய எவனும் முதல் வாரத்திலேயே முகம் வெளிறி என் அறைக் கதவைத் தட்டுவான். "இதுக்குள்ள என்னமோ இருக்குடா" என்பான். உள்ளே இருப்பது அநேகமாக அவனுடைய தலைமுடிதான்; மோட்டார் அச்சில் சுற்றிக்கொண்டிருக்கும். கிளம்பியதும் குப்புற விழுகிறதா, இறக்கைகளை இடம் மாற்றி மாட்டியிருப்பான். ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகிறதா, சமதரையில் வைத்து அளவு சொல்லிக்கொடுக்காமல் பறக்கவிட்டிருப்பான். ஆவி, ஆன்மா, ஏக்கம் ஆகிய மூன்றுக்கும் என் மருத்துவத்தில் இடமில்லை.

இந்த ஞானத்தோடுதான் ஒரு மழைப் பிற்பகலில் பெரியம்மா வீட்டுக்குப் போனேன்.

"வாங்க டாக்டர். செருப்ப உள்ளயே விடு, வெளிய நனையும்."

கூடம் காலியாக இருந்தது. சுவரோரம் அட்டைப் பெட்டிகள் வாய் ஒட்டி அடுக்கப்பட்டிருந்தன. படங்கள் மாட்டியிருந்த இடங்களில் சுவர் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிந்தது. மழை இருட்டில் வலித்தைலத்தின் வாடை மட்டும் யாரோ பெட்டியில் போட மறந்ததுபோல் அங்கேயே நின்றிருந்தது.

பெரியப்பா லிஃப்ட் மெக்கானிக். ஆயுள் முழுக்க அடுத்தவர்களை மேலே ஏற்றிவிட்ட மனிதர், கடைசி இரண்டு வருடம் கட்டிலை விட்டு இறங்கவில்லை. இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. கைகள் மட்டும் சும்மா இருக்க மறுத்தன. அந்தக் கைகளுக்காக அவர் மகள், என் அக்கா, வாங்கித் தந்ததுதான் இந்த ட்ரோன். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. முன்னால் பொட்டு மாதிரி ஒரு கேமரா. சாய்ந்து படுத்தபடியே அதைக் கூடத்துக்கும் சமையலறைக்கும் ஓட்டுவார். படம் அவர் போனில் ஓடும். பெரியம்மா அடுப்பில் எதையாவது கிளறிக்கொண்டிருந்தால் தோளுக்குப் பின்னால் வண்டு மாதிரி வந்து நிற்கும்.

பெரியம்மாவும் அதனோடு பேசுவார். "இதோ வந்துட்டேன், பறக்காதீங்க" என்பார். தலைக்குச் சாயம் பூசிய அன்று அதன் முன்னால் ஒரு சுற்று சுற்றிக் காட்டினார். நான் அதை விடுதியில் நடித்துக் காட்டிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். பிளாஸ்டிக்கோடு குடும்பம் நடத்துகிறவர்களைப் பற்றி என்னிடம் ஒரு முழுச் சொற்பொழிவே உண்டு.

பெரியப்பா போய் ஒரு மாதம் ஆகிறது.

"சாயங்காலம் அக்கா வேனோட வரா" என்றார் பெரியம்மா. "இனிமே அவகூடத்தான் இருக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கறா."

"நல்லதுதானே பெரியம்மா?"

"நல்லதுதான். ஆனா இது என்னன்னு தெரியாம எப்படிடா வண்டி ஏறுவேன்?"

ட்ரோனைக் கூடத்தின் நடுவில் வைத்துக் கிளப்பினார். அது எழும்பியது. ஒரு கணம் தயங்கியது. பிறகு நடைவழியில் மெல்ல நகர்ந்து, மூடியிருந்த அறைக் கதவில் போய் முட்டியது.

டொக்.

பின்வாங்கியது. மறுபடி முட்டியது.

டொக்.

"பாத்தியா? எந்தப் பக்கம் திருப்பி வச்சாலும் அங்கதான் போகுது." கதவைத் திறந்துவிட்டார். திரை போட்ட அறை. தலைப்பக்கம் உயர்த்திய இரும்புக் கட்டில். ட்ரோன் உள்ளே போய்த் தலையணைக்கு மேலே நின்றது. பேட்டரி தீரும்வரை நின்றது. பிறகு தலையணையில் இறங்கிற்று.

பெரியம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கோளாறுன்னா கோளாறுன்னு சொல்லிடு. நிம்மதியாக் கிளம்பிடறேன். கோளாறு இல்லன்னா, அவரை இங்க தனியா விட்டுட்டு எப்படிடா போவேன்? ராத்திரி தாகம் எடுத்தாக்கூட என்னைத்தானே கூப்பிடுவார்."

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். தீர்ப்பு சொல்லும்போது அது வழக்கம்.

"இதுக்கு அளவு சொல்லிக்குடுக்கணும்ல, லைட்டு சிமிட்டுமே? அதைப் பெரியப்பா எங்க வச்சு பண்ணுவார்?"

"கட்டில்மேலதான். மூஞ்சி கால்பக்கம் பாக்க, பக்கத்துல வச்சுப்பார். கீழ குனிய அவரால ஆகுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவ்வளவுதான் விஷயம்! கட்டில் சரிவா இருக்கு. இதுவும் சரிவுதான் சமதரைன்னு கத்துக்கிச்சு. நேரா நிக்கறதா நினைச்சுக்கிட்டு ஒரு பக்கமா வழுக்கிட்டுப் போகுது. உலகத்துலயே படுக்கையில வச்சு ட்ரோனுக்குப் பாடம் எடுத்தது பெரியப்பா ஒருத்தர்தான்!"

பெரியம்மா சிரிக்கவில்லை. "அவர் சாஞ்சிருந்ததுதான் இதுக்கு நேரா?"

"ஆமா."

பேட்டரியை மாற்றினேன். ட்ரோனைக் கூடத்துத் தரையில் வைத்தேன். ரிமோட்டின் இரண்டு குச்சிகளையும் கீழ்மூலைக்குத் தள்ளினேன். விளக்குகள் படபடவென்று சிமிட்டி நின்றன. கிளப்பினேன். கூடத்தின் நடுவில் ஆணி அடித்த மாதிரி நின்றது. நடைவழியைத் திரும்பியும் பார்க்கவில்லை.

பெரியம்மா அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவேதான்."

"ஒரு மாசமா இதுகிட்டப் பேசிட்டிருந்தேன்டா." சிரிக்கப் பார்த்தார், வாய் கோணிக்கொண்டது. முகத்தை முழங்கையால் துடைத்துவிட்டு, மிச்சத் துணிகளை மடிக்க உள்ளே போனார்.

ஜெயித்தவன் நான். ஆனாலும் யாரோ என் சட்டையைப் பிடித்துக் கேட்டதுபோல் இருந்தது. வேலையை முழுசாக முடிப்போம் என்று ட்ரோனைத் தரையிறக்கி, கேமராவை என் போனில் இணைத்தேன்.

திரை கறுப்பாகவே இருந்தது. நடுவில் ஒரு வரி வந்தது.

'இந்தப் படம் வேறொரு கருவியில் பார்க்கப்பட்டுக்கொண்டிருக்கிறது.'

இதுவும் சாதாரணக் கோளாறுதான். இந்த மலிவுக் கேமராக்கள் ஒரு நேரத்தில் ஒரு போனுக்குத்தான் படம் காட்டும். பழைய போன் இணைப்பிலேயே இருந்தால் புதியதை உள்ளே விடாது. பெரியம்மாவின் போனை எடுத்துப் பார்த்தேன். அது அணைந்து கிடந்தது.

"பெரியப்பா போன் எங்க பெரியம்மா?"

உள்ளே துணி உதறும் சத்தம் நின்றது.

"கையிலயே பிடிச்சிருந்தார்டா. விரலைப் பிரிக்க மனசு வரல. கூடவே அனுப்பிட்டோம்."

இந்தக் கேமராவின் அலை இரண்டு அறை தாண்டாது. பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. மேல் வீட்டிலும் கீழ் வீட்டிலும் யாருமில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சரிவுதான் காரணம் என்றால், ட்ரோனின் மூக்கைத் திருப்பி வைத்தால் அது எதிர்ப்பக்கம் அல்லவா வழுக்கியிருக்க வேண்டும்? எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் அங்கேதான் போகிறது என்று பெரியம்மா சொன்னாரே. அதுவும் வழுக்கிக்கொண்டு போவது தலையணைக்கு மேலே போய் நிற்குமா? முதல் வருடப் பையனுக்குக்கூடத் தெரிந்த கணக்கு.

நடைவழியைப் பார்த்தேன். அறைக் கதவு திறந்தே இருந்தது. தைல வாடை இப்போது கிட்டே வந்திருந்தது, யாரோ தேய்த்து முடித்த சூட்டோடு.

இருட்டுக்குள் கட்டில் ஒருமுறை கிரீச்சிட்டது.

படுத்திருப்பவர் இன்னும் சரியாகப் பார்க்க நிமிர்ந்து உட்காரும் சத்தம்.

"படம் வருதாடா?" பெரியம்மா கேட்டார்.

கீழே வேன் ஹாரன் அடித்தது. "அம்மா, ரெடியா?" என்று அக்காவின் குரல் படியேறி வந்தது. பெரியம்மா கையில் மடித்த துண்டோடு என் எதிரில் வந்து நின்றார். நான் எதைச் சொல்கிறேனோ அதைச் செய்யப்போகிற முகம். உண்மையைச் சொன்னால் இந்தக் காலி வீட்டில், இந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு, ஒற்றை ஆளாக உட்கார்ந்துவிடுவார்.

"என் போன்தான் ஓட்டை பெரியம்மா. மெஷின் கோளாறைத்தான் சரி பண்ணிட்டேனே."

"அப்ப நான் போலாம்ல?"

"போலாம்."

பெரியம்மா நடைவழியில் போய், தூங்குகிறவரை எழுப்பிவிடாமல் சாத்துவதுபோல் அந்தக் கதவை மெதுவாகச் சாத்தினார். கிளம்பும்போது ட்ரோனை என் கையில் திணித்தார். "அங்க எதுக்குடா இது? நீயே வச்சுக்கோ. கோளாறைக் கண்டுபிடிச்சவன் நீதானே."

மறுநாள் மாலை விடுதி அறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு அதைக் கிளப்பினேன். இனி இது வெறும் பொம்மை என்று பார்த்துவிடத்தான். என் போனில் படம் வரவில்லை. அதே வரிதான் வந்தது.

வேறொரு கருவி. இரண்டு அறைக்குள்.

ட்ரோன் எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்பத் தொடங்கிற்று. குச்சிகளில் இருந்து கையை எடுத்துவிட்டேன்.

அது நிற்கவில்லை. என் கட்டிலைப் பார்த்தது. மேசையைப் பார்த்தது. ஜன்னலைப் பார்த்தது. மறுபடி கட்டிலைப் பார்த்தது. தண்ணீர் கேட்டுக் கூப்பிட்டு, யாரும் வராதபோது ஒருவர் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாரே, அப்படி.

எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் பயத்தைவிடப் பெரிதாக வேறொன்று நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

வெளியே யாராவது கேட்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன். பிறகு கேமராவுக்கு நேராகத் தரையில் உட்கார்ந்தேன்.

"பெரியம்மா அக்கா வீட்டுக்குப் போயிருக்காங்க பெரியப்பா" என்றேன். "நல்லா இருக்காங்க. மதியம் நல்லாத் தூங்கினாங்களாம்."

சுற்றுவது நின்றது. என் முகத்துக்கு நேராக, அசையாமல், பேட்டரி தீரும்வரை கேட்டுக்கொண்டிருந்தது.

இப்போதெல்லாம் பேட்டரியைச் சார்ஜில் போட்டதும் பெரியம்மாவுக்குப் போன் செய்கிறேன். என்ன சாப்பிட்டீர்கள், முழங்கால் வலி எப்படி, யாரோடு பேசிக்கொண்டிருந்தீர்கள் என்று ஒன்றுவிடாமல் கேட்கிறேன்.

"என்னடா டாக்டர், திடீர்னு இவ்வளவு அக்கறை?" என்று சிரிக்கிறார்.

"சும்மாதான் பெரியம்மா" என்கிறேன். "வேற என்ன விசேஷம், சொல்லுங்க."