அறுபத்தைந்து மணி நேரம்

வங்கிச் சாமான்களின் ஏலத்துக்கு முந்தின நாள் காலை, ஆல்மா குபிசெக் பின்வாசல் வழியாக வங்கிக்குள் நுழைந்தாள். முன்வாசலில் பலகை அடித்து ஒன்பது மாதமாகிறது. அடுப்பு மூட்டாத கட்டடம். நெப்ராஸ்கா நவம்பர்க் குளிர் சுவர் வழியாகவே உள்ளே வந்துகொண்டிருந்தது. ஈரக் காகித நெடி, எலிப் புழுக்கை நெடி. பதினோரு வருடம் அவள் கணக்கெழுதிய இடம் இது.

கலைப்பு அதிகாரி க்விஸ்ட் மேலங்கியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். மூழ்கிய வங்கிகளின் மேசை நாற்காலிகளை விற்று, வந்த காசைப் பணம் போட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க அரசாங்கம் அனுப்பிய மனிதர். இது அவருக்குப் பதினான்காவது வங்கி. அதனால் சாவு வீட்டிலும் தமாஷ் பேசுகிற வாய் வந்துவிட்டிருந்தது.

"வாங்க மிஸ் குபிசெக். இன்னிக்கு நல்ல நாள். பெட்டக அறைக் கதவுக்கே ஆள் கிடைச்சாச்சு. இவர் ஓட்டோ ஹின்ஸ். பக்கத்து ஊர்ல கசாப்புக் கடை. ஐஸ் அறைக்குக் கதவு வேணுமாம்."

"ஆட்டுத் தொடைக்கு இவ்வளவு காவலான்னு என் பொண்டாட்டி சிரிக்கிறா" என்றார் ஹின்ஸ். "ஒரு தடவை மூடித் திறந்து காட்டுங்க. அப்புறம்தான் காசு."

"மிஸ் குபிசெக் மூடுவாங்க. அவங்களுக்குத்தான் அந்தக் கடிகாரம் பழக்கம்."

ஆல்மாவின் கை தானாகப் பாவாடையில் துடைத்துக்கொண்டது.

அந்தக் கதவின் உட்பக்கத்தில் மூன்று கடிகாரங்கள். மூடுவதற்கு முன் எத்தனை மணி நேரம் பூட்டியிருக்க வேண்டுமோ அத்தனைக்குச் சாவி கொடுக்க வேண்டும். அது ஓடித் தீரும்வரை ஜனாதிபதியே வந்து நின்றாலும் கதவு திறக்காது. கொள்ளைக்காரனுக்குப் பயந்து செய்த ஏற்பாடு. அதனாலேயே வங்கிக்குள் ஒரு வழக்கம் இருந்தது. மூடுகிறவர் முதலில் உள்ளே பார்த்து, "உள்ள யாரு?" என்று குரல் கொடுக்க வேண்டும். யாராவது இருந்தால், "இதோ வந்துட்டேன்" என்பார்கள். வங்கியை நடத்திவந்த கேஷியர் லுமிர் ஜெலினெக் தானே உண்டாக்கிய வழக்கம்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, ஊரே பணத்தைக் கேட்டு வாசலில் திரண்டது. ஜன்னலில் கல் விழுந்தது. மூன்று மணிக்கு ஆல்மா கதவை மூடினாள். திங்கட்கிழமை வாஷிங்டன் பிறந்தநாள் விடுமுறை; செவ்வாய் காலை எட்டு வரை, அறுபத்தைந்து மணி நேரம் சாவி கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை கதவைத் திறந்தபோது ஜெலினெக் அதற்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தார். சட்டைக் காலர் கிழிந்திருந்தது. விரல்களைப் பற்றி யாரும் பேசவில்லை.

"மூணு தடவை கூப்பிட்டேன். பதிலே இல்லை" என்று ஆல்மா மரண விசாரணையில் சத்தியம் செய்தாள். அப்படியானால் வேண்டுமென்றே உள்ளே ஒளிந்து செத்திருக்கிறார் என்று தீர்ப்பானது. வங்கி மூழ்கிய அவமானம், கடைசி நேரத்தில் மனசு மாறிக் கதவைப் பிறாண்டியிருக்கிறார் என்று ஊர் பேசியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? தற்கொலைக்குப் பணம் இல்லை என்று காப்பீட்டுக் கம்பெனி கைவிரித்தது. அவர் மனைவி ருஜேனாவின் வீடு வரும் வெள்ளிக்கிழமை கடனுக்காக ஷெரீப் ஏலத்தில் போகப்போகிறது.

ஆல்மா ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை என்பது ஆல்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

"ஒரு மணி நேரத்துக்குச் சாவி கொடுங்க" என்றார் க்விஸ்ட்.

அவள் கதவின் உட்பக்கம் குனிந்தாள். பளபளப்பான எஃகு. அதில் ஒரு சின்ன வட்டமாக ஆவி படிந்திருந்தது. உட்கார்ந்திருக்கும் மனிதனின் வாய் உயரத்தில்.

அது மங்கியது.

மறுபடி படிந்தது.

மங்கியது. படிந்தது. ஆல்மா மூச்சை அடக்கிக்கொண்டாள். வட்டம் நிற்கவில்லை.

"என்னம்மா, உறைஞ்சு போயிட்டீங்க?" என்றார் ஹின்ஸ்.

சாவி கொடுத்தாள். கதவைப் பாதி தள்ளினாள். ஒன்பது மாதம் தொண்டையில் சிக்கியிருந்த சொல் அப்போதுதான் வெளியே வந்தது.

"உள்ள யாரு?"

க்விஸ்ட் சிரித்துவிட்டார். "யாரு? எலிதான்."

ஆனால் ஆல்மாவுக்குக் கேட்டது. அலமாரிகளுக்குப் பின்னாலிருந்து, கோபமில்லாமல், வேலைக்கு நடுவே சொல்கிற அதே சாதாரணக் குரலில்:

"கொஞ்சம் இரு, ஆல்மா. இதோ வந்துட்டேன்."

சாவி தரையில் விழுந்து உருண்டது. க்விஸ்ட் அலுத்துக்கொண்டு தானே கதவைத் தள்ள வந்தார்.

"மூடாதீங்க! உள்ள ஆளிருக்கு!"

அந்தக் கத்தலில் ஹின்ஸ் உள்ளே போய்ப் பார்த்தார். சிரித்துக்கொண்டே போனவர் பின்கழுத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

"யாரும் இல்ல. ஆனா கதவுக்குப் பக்கத்துல, இப்பதான் ஒருத்தன் எழுந்து போன மாதிரி, தரை ஒரு இடத்துல மட்டும் சூடா இருக்கு."

ஆல்மா அதற்குள் தெருவில் ஓடிக்கொண்டிருந்தாள்.

ஜெலினெக் வீட்டில் பாதிச் சாமான்கள் மூட்டை கட்டியிருந்தன. ருஜேனா முட்டைக்கோஸ் சூப்பை மேசையில் வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு தட்டு. இரண்டிலும் சூப்.

"உக்காரு" என்றாள் ருஜேனா. "அந்த நாற்காலியில வேணாம். அது அவருது."

"மிஸஸ் ஜெலினெக்..."

"பைத்தியம்னு நினைக்காதே. தினமும் மத்தியானம் வர்றாரு. முகம் தெரியாது. சாப்பிடவும் மாட்டாரு. ஒரே ஒரு கேள்விதான் கேப்பாரு. 'அவ வந்தாளா?' யாருன்னு சொல்ல மாட்டேங்கறாரு. நானும் ஒன்பது மாசமா வழி பாக்கறேன்." அவள் ஆல்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். "நீதானா?"

ஆல்மா அழுதுவிட்டாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அந்தப் பழியைச் சுமந்த பெண்ணுக்கு முன்னால் அவளால் தலை நிமிர முடியவில்லை.

"நான் கூப்பிடவே இல்ல. கல்லு விழுந்த பயத்துல மறந்துட்டேன். கூப்பிட்டேன்னு பொய் சொன்னேன்."

ருஜேனா கரண்டியைக் கீழே வைத்தாள். சூப்பிலிருந்து ஆவி எழுந்தது.

டொக்.

மேசைக்கு அடியிலிருந்து வந்த சத்தம். விரல் முட்டியால் மரத்தைத் தட்டுகிற சத்தம்.

டொக். டொக்.

"அவருக்குப் போதல" என்றாள் ருஜேனா மெதுவாக. "இன்னும் இருக்கு. சொல்லு."

"இல்ல. அவ்வளவுதான்."

டொக். டொக். டொக். தட்டுகள் குதித்தன. நாற்காலி தானாக ஆல்மாவின் பக்கம் திரும்பியது.

"சாயந்திரம் விளக்கணைக்கப் போனேன்!" ஆல்மா காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள். "அவர் கோட்டும் தொப்பியும் ஆணியிலயே தொங்குச்சு. பிப்ரவரிக் குளிர்ல கோட் இல்லாம யாரு வெளிய போவாங்க? அப்பவே தெரிஞ்சு போச்சு. உள்ளதான் இருக்காருன்னு தெரிஞ்சு போச்சு."

"அப்புறம்?"

"கோட்டை மடிச்சு அலமாரியில ஒளிச்சு வச்சேன். ஞாயித்துக்கிழமை கோயில்ல பாடினேன்."

ருஜேனாவின் உதடு வெளுத்தது. "அன்னிக்கு உன் பக்கத்துலதானே நின்னேன். அவர் ஓமஹா வங்கியில கடன் கேக்கப் போயிருக்காருன்னு உன்கிட்ட சொன்னேனே. நீ தலையாட்டினியே, ஆல்மா. ஓமஹாவுல எஃகைத் துளைக்கிற ஆளுங்க இருக்காங்க. ஞாயித்துக்கிழமை மூச்சு இருந்திருக்கும் அவருக்கு."

"ஜனங்க என்னைக் கொன்னுடுவாங்கன்னு பயந்தேன்."

சத்தம் நின்றுவிட்டது.

அன்று சாயந்திரமே க்விஸ்ட் முன்னிலையில் ஆல்மா, கூப்பிடாததையும் கோட்டை ஒளித்ததையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். படித்து முடித்தபோது அவர் வாயில் தமாஷ் எதுவும் வரவில்லை. வெள்ளிக்கிழமை ஏலம் நின்றது. காப்பீட்டுக் கம்பெனி முனகிக்கொண்டே பணம் கொடுத்தது. ஆல்மாவைச் சிறையில் போடவில்லை. ஊர் அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டது, அவ்வளவுதான். ருஜேனா மத்தியானம் இரண்டாவது தட்டு வைத்துப் பார்த்தாள். யாரும் வரவில்லை. விட்டுவிட்டாள்.

ஜனவரியில், பனிப்புயல் ஓய்ந்த மூன்றாம் நாள், ஆல்மா வீட்டு வாசல் ராப்பகலாகத் திறந்தே கிடக்கிறது என்று தபால்காரர் வந்து சொன்னார். ருஜேனாவுக்கு மனம் கேட்கவில்லை. வெறுப்பு வெறுப்புதான், அதற்காக ஒருத்தி விறைத்துச் சாக வேண்டுமா? சூப்பை எடுத்துக்கொண்டு போனாள்.

வாசலில் மட்டுமல்ல, கூடம் வரை முழங்கால் உயரத்துக்குப் பனி. உள்ளறைக் கதவு, அலமாரிக் கதவு, அடுப்புக் கதவு எல்லாம் திறந்து கிடந்தன. ஆல்மா இரண்டு மேலங்கி போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். விரல் நுனிகள் கறுத்திருந்தன.

"நான் மூடினா மூடி இருக்க மாட்டேங்குது" என்றாள். "தாழ்ப்பாள் போட்டேன், மெதுவா விலகுது. ஆணி அடிச்சேன். காலையில பாத்தா ஆணியெல்லாம் தரையில வரிசையா அடுக்கி வச்சிருக்கு."

ருஜேனா பனியைத் தள்ளிவிட்டு வாசல் கதவை மூடித் தாழ்ப்பாள் போட்டாள். கதவு சொன்னபடி கேட்டது. அடுப்பை மூட்டினாள். அறை கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறியது. ஆல்மா சூப்பைக் கையில் வாங்கிக்கொண்டு, பல வாரங்களுக்குப் பிறகு, கண்ணை மூடினாள்.

ருஜேனா அறை நடுவில் நின்று வெற்றிடத்தைப் பார்த்துப் பேசினாள். இருபத்தாறு வருடம் குடித்தனம் செய்த பெண் புருஷனிடம் பேசுகிற குரல்.

"லுமிர், போதும். அவதான் சொல்லிட்டாளே. எனக்கு வீடும் கிடைச்சிருச்சு. என்கூட வீட்டுக்கு வா."

அடுப்பில் விறகு வெடித்தது. வேறு சத்தம் இல்லை.

அவள் காத்திருந்தாள்.

பிறகு தாழ்ப்பாள் நிதானமாக, அவசரமே இல்லாமல் விலகியது. கதவு அகலத் திறந்தது. வெளியிலிருந்த குளிர் முழுவதும் உள்ளே வந்தது.