சரிங்க

பதிலில் எந்தத் தப்பும் இல்லை. 'சரிங்க' என்று ஒரே ஒரு சொல். ஆனால் அதை அனுப்பியிருக்க வேண்டியவள் அவனுடைய தங்கை. பேச்சு வந்த நாளிலிருந்து அவனை 'அண்ணே' என்றும், கோபம் வந்தால் 'டேய்' என்றும் கூப்பிடுகிறவள். மரியாதை கிலோ என்ன விலை என்று கேட்கிற வாய் அது. அந்த வாயிலிருந்து 'ங்க' வந்திருக்கிறதென்றால், ஒன்று பக்கத்தில் மேலதிகாரி யாராவது நின்றிருக்க வேண்டும், இல்லையென்றால் அவள் அழுதிருக்க வேண்டும். அழுதிருப்பாள் என்றுதான் அவன் நினைத்தான். காலையில் அவன் அனுப்பிய செய்தி அப்படிப்பட்டது.

மனைவி போய் ஒரு வருஷமாகிறது. ஆறு வயது மகளோடு அவன் படுகிற பாட்டைப் பார்த்துவிட்டு, பாப்பாவை நான் வைத்துக்கொள்கிறேன் என்று தங்கை கேட்டுக்கொண்டே இருந்தாள். பெற்ற பிள்ளையையும் கொடுத்துவிட்டு வெறும் வீட்டில் யார் முகத்தைப் பார்ப்பது என்று அவனும் தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தான். போன வாரம் பாப்பா காய்ச்சலில் கிடந்தபோது அவனுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. அன்றைக்கு மனசு விட்டுப்போயிற்று. நேரில் சொன்னால் குரல் உடைந்துவிடும் என்று செய்தியாகத் தட்டிவிட்டான்.

"இனிமே பாப்பா உன் பொறுப்பும்மா. இன்னைக்கு ஸ்கூல்லேர்ந்து நீயே கூட்டிட்டுப் போயிரு. உன்கூடவே வச்சுக்கோ. திருப்பிக் கேக்க மாட்டேன்."

அதற்குத்தான் 'சரிங்க'.

வெளியே மழை கட்டிக்கொண்டு மத்தியானத்திலிருந்தே இருட்டிக்கிடந்தது. அவன் வேலை பார்ப்பது ஒரு செல்பேசிக் கம்பெனியின் புகார்ப் பிரிவில். ஈரக் குடைகளின் வாடையும், வரிசை வரிசையாக ஹெட்போன் மாட்டிய தலைகளின் முணுமுணுப்பும், எங்கோ கூரைக்குள் சொட்டுகிற தண்ணீரின் சத்தமுமாக அந்தக் கூடம் அவனுக்குப் பழகிப்போன ஒன்று. இரண்டு அழைப்புகளுக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் தங்கையைக் கூப்பிட்டான்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன மெசேஜ் என்றாள். இந்த ஒரு மாதமாக அவனிடமிருந்து ஒரு செய்தியும் வரவில்லை, அதற்காகவே சண்டை பிடிக்க வேண்டும் என்றிருந்தாளாம்.

"நீ 'சரிங்க'ன்னு பதில் போட்டிருக்கியே."

"நானா? உனக்கா?" என்று சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "அப்ப பாப்பாவ யாருண்ணே கூட்டப் போனது?"

பள்ளி விட்டு வெகுநேரம் ஆகியிருந்தது. இதோ கிளம்புகிறேன், அஞ்சு நிமிஷ நடைதான் என்று அவள் வைத்துவிட்டாள்.

கோளாறு என்ன என்பது அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்கியதும் தலையில் அடித்துக்கொண்டான். ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்கு இதையே சொல்கிறவன் அவன். வாத்தியார் பிள்ளை மக்கு என்று சும்மாவா சொன்னார்கள். ஒரே கம்பெனியின் இரண்டு போன்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளத் தனி வழி வைத்திருக்கும். அந்த வழியில் போகிற செய்தி நீல நிறத்தில் தெரியும். சிம்மைக் கழற்றி வேறு கம்பெனிப் போனில் போட்டாலும் அந்த எண் பழைய போனோடு கட்டிப்போட்டபடியே கிடக்கும். பேசினால் புதுப் போனில் மணி அடிக்கும், செய்தி மட்டும் பழைய போனுக்கே போய்ச் சேரும். எண்ணைப் பழைய போனிலிருந்து அவிழ்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். தங்கை இப்போது வைத்திருப்பது அவன் மனைவியின் எண். பள்ளிக்கூடத்தில் தாயின் எண் என்று அதைத்தான் கொடுத்திருந்தார்கள். அது சாகக் கூடாது என்று அவன் அதே எண்ணுக்குப் புது சிம் வாங்கி வைத்திருந்தான். போன மாதம் தங்கையின் போன் பாழானபோது அவளுக்கு ஒரு மலிவுப் போனும் வாங்கி, அந்த சிம்மையும் போட்டுக் கொடுத்தான்.

கணினியில் அந்த எண்ணைத் தட்டினான். பழைய போனின் பெயர் வந்து நின்றது. மனைவி ஆசையாக வைத்த பெயர், 'பாப்பாவோட அம்மா'. அவிழ்க்கவா என்று திரை கேட்டது. அவிழ் என்று அழுத்தினான். முடிந்தது. வாடிக்கையாளர் என்றால் இந்த இடத்தில் நன்றி சொல்லி வைத்திருப்பார்.

அப்போதுதான் அவன் கை நின்றது. செய்தி பழைய போனுக்குப் போனது, சரி. போய்ச் சேர்ந்ததற்கு அடையாளமாகக் கீழே 'படிக்கப்பட்டது' என்றும் இருக்கிறதே.

பழைய போன் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால், அம்மா போன் பேசணும் என்று பாப்பா அதை மனைவியின் கைக்குள் திணித்தாள். எடுக்கப் போனவர்களை அவன்தான் தடுத்தான். பிள்ளையின் ஆசை, இருந்துவிட்டுப் போகட்டும் என்றான். அதன்மேல் மண் தள்ளியதையும் நின்று பார்த்தான்.

ஒரு வருஷம். எந்த பேட்டரியும் தாங்காது.

போனை எடுத்துப் பழைய செய்திகளை மேலே தள்ளினான். தங்கைக்கு என்று எழுதியவைதான் எல்லாம். ஆனால் எதிலும் பேர் இல்லை. பேர் சொல்லியா தங்கைக்கு எழுதுவார்கள்? 'ம்மா' என்று முடித்திருந்தான். மனைவியையும் அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.

"பூட்டு மாத்திட்டேன்மா. புதுச் சாவி மீட்டர் பெட்டிக்குள்ள." படிக்கப்பட்டது.

"பாப்பா தனியாத் தூங்க மாட்டேங்கிறா. சனிக்கிழமை வந்து கூடப் படுத்துக்கம்மா." படிக்கப்பட்டது.

அந்தச் சனிக்கிழமை தங்கை வரவில்லை. அவன் வேலை அலுப்பில் அடுத்த அறையில் அடித்துப்போட்டதுபோலத் தூங்கிவிட்டான். பாப்பா ஒரு சிணுங்கல்கூட இல்லாமல் தூங்கியிருந்தாள். காலையில் அவள் தலையணை சில்லிட்டு, மழையில் நனைந்த மண்ணின் வாடை அடித்தது. ஜன்னல் திறந்திருக்கும் என்று அவன் நினைத்துக்கொண்டான். ஜன்னலைப் போய்ப் பார்க்கவில்லை.

போன் அதிர்ந்தது. தங்கை. மூச்சு வாங்கிற்று அவளுக்கு. பள்ளியில் யாருமில்லையாம். வாசற்காவலர் புதிதாக வந்தவர்.

"அவங்க அம்மா வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்கங்கிறாருண்ணே. பாப்பாவே 'அம்மா'ன்னு ஓடுனாளாம்."

அவன் போனை வைத்தான். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் மாடிப்படியில் இறங்கினான். படி முழுக்க ஈரம். சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் எழுதினான்.

"எங்க இருக்க?"

எண்ணை அவிழ்த்தாயிற்று. இனி அந்த எண்ணுக்கு நீலத்தில் ஒன்றும் போகாது, போக வழியே இல்லை. அவன் வாடிக்கையாளர்களுக்கு அடித்துச் சொல்கிற விஷயம் அது.

நீலத்தில் போயிற்று. படிக்கப்பட்டது.

மூன்று புள்ளிகள் எழும்பின. நின்றன. மறுபடி எழும்பின. மெதுவாக எழுதுகிற விரல்கள்.

"தூங்கிட்டா."

கல்லறைத் தோட்டம் பள்ளிக்குப் பின்தெருவில்தான். அவன் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. மரங்களிலிருந்து சொட்டுகிற தண்ணீர் கல்லில் விழுகிற சத்தம். அவன் செருப்புச் சத்தம். வேறொன்றுமில்லை. கதவு தாழ் போட்டபடி இருந்தது. பாதையில் ஒரே ஒரு ஜோடி சின்னக் காலடி, உள்ளே போகிற திசையில். ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்த காலடி. யாரோ கையைப் பிடித்துக் கூட்டிப்போனால் குழந்தைகள் அப்படி நடப்பார்கள்.

மனைவியின் மேட்டில் ஒரு வருஷத்துப் புல். ஒரு வேர் அசையவில்லை. மண்ணில் ஒரு கீறல் இல்லை.

புல்லின்மேல் பாப்பாவின் பள்ளிக்கூட ஷூக்கள். பக்கத்தில் பக்கத்தில், ஒழுங்காக. உள்ளே காலுறைகள், மடித்து.

அவன் முழங்காலிட்டான். இரண்டு கையாலும் புல்லைப் பிய்த்தான். வரவில்லை. நகத்தில் மண். முகத்தை ஈரத்தில் பதித்துக் கூப்பிட்டான்.

"பாப்பா."

கீழே, வெகு கீழே, ஏதோ புரண்டது. தூக்கம் கலைந்த பிள்ளையின் சிணுங்கல்.

பிறகு தட்டிக்கொடுக்கிற சத்தம். மெதுவாக. ஒரே சீராக.

"ஷ்ஷ்."