சிலந்திப் பக்கத்தில் ஒரு சிவப்பு சைக்கிள்

சுண்டுவின் இணையதளத்துக்கு மொத்தமே இரண்டு வாசகர்கள். ஒருத்தி சுண்டு. இன்னொருவன் வெளியூரில் படிக்கும் அவள் அண்ணன்.

தளத்தின் பெயர் ‘மாடிப்படிச் சிலந்திகள்’. அவர்கள் கட்டடத்தில் லிஃப்ட் இருந்ததால் படிக்கட்டுப் பக்கம் யாரும் தலைகாட்டுவதில்லை. அங்கே சிலந்திகளும் சுண்டுவும்தான். பள்ளி விட்டு வந்தால், அம்மாவும் அப்பாவும் வேலையிலிருந்து திரும்பும்வரை வீடு காலியாகக் கிடக்கும். படியில் உட்கார்ந்து சிலந்திகளை வரைவாள். எது எங்கே வலை பின்னியது, எது யாரோடு சண்டை போட்டது என்று எழுதித் தளத்தில் போடுவாள்.

தளத்தை அமைத்துக் கொடுத்த அண்ணன், ஓரத்தில் விளம்பரத்துக்கும் இடம் விட்டிருந்தான்.

“யாராவது விளம்பரம் பிடிச்சுப்போய் கிளிக் பண்ணினா, நமக்குக் கொஞ்சம் காசு வரும். சேர்ந்ததும் உனக்குப் பூதக்கண்ணாடி வாங்கலாம்.”

“எப்போ சேரும்?”

“இப்ப போற வேகத்துல போனா, உனக்குப் பேரன் பேத்தி பொறக்கறதுக்குள்ள சேர்ந்துடும்.”

பள்ளியில் சுண்டுவுக்கு வேறு பெயர். ‘புதுசு’. அவள் வந்து சேர்ந்து எத்தனையோ மாதம் ஆகிவிட்டது. இன்னும் புதுசுதான். மதிய இடைவேளையில் நடைபாதைக் கோடியில் இருந்த பெஞ்சில் தனியாகச் சாப்பிடுவாள். மெதுவாக மென்று சாப்பிடுவாள். சீக்கிரம் முடித்துவிட்டால் மிச்ச நேரத்தை என்ன செய்வது?

ஒருநாள் கணினி வகுப்பில் ஆசிரியை, “யாருக்காவது சொந்தமா வெப்சைட் இருக்கா?” என்று கேட்டார். சுண்டுவின் கை தானாக உயர்ந்துவிட்டது.

வகுப்பு முடிந்ததும் வாயாடி அவளைப் பிடித்துக்கொண்டாள். சுண்டு சிலந்திகளைப் பற்றியும் ஓரத்து விளம்பரத்தைப் பற்றியும் சொன்னாள். வாயாடி பேசாத நேரம் தூங்கும் நேரம் மட்டும்தான்.

“விளம்பரத்தை கிளிக் பண்ணினா காசா? நிஜமாவா? ஏய், எல்லாரும் இங்க வாங்க! புதுசு வெப்சைட்ல நாம எல்லாரும் கிளிக் பண்ணுவோம். காசு வந்தா எல்லாருக்கும் ஐஸ்கிரீம்!”

அன்று மதியம் கோடி பெஞ்சில் உட்கார இடமில்லை. இடிபட்டு, பிதுங்கி, தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தார்கள். யாரோ அவள் டப்பாவிலிருந்து கேட்காமலே ஒரு வாய் எடுத்துக்கொண்டார்கள். சுண்டுவுக்கு அழுகை வரும்போல் இருந்தது. சந்தோஷத்தில்தான்.

அதன்பிறகு எல்லோரும் வீட்டுக்குப் போனதும் கிளிக் பண்ணினார்கள். பெரும்பாலும் ஒரே விளம்பரம்தான் வந்தது. கண்ணும் வாயும் வைத்துச் சிரிக்கும் ஒரு சிவப்பு சைக்கிள்.

அந்த வாரம் சுண்டுவின் சைக்கிளில் காற்று இறங்கிவிட்டது. அடுத்த தெருவில் புதிதாகத் திறந்திருந்த சைக்கிள் கடைக்கு உருட்டிக்கொண்டு போனாள். கடைக்கார அக்கா மோவாயில் கைவைத்து, கைப்பேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேல் பலகையில், கண்ணும் வாயும் வைத்த சிவப்பு சைக்கிள் சிரித்தது.

சுண்டு பலகையைக் காட்டினாள்.

“இது... நீங்க வரைஞ்சதா அக்கா?”

“ஆமா கண்ணு. நெட்ல விளம்பரமும் குடுத்திருக்கேன். அதுதான் வினையாப் போச்சு. ஒவ்வொரு தடவை கிளிக் பண்ணும்போதும் என் காசு போகும். இந்த வாரம் கிளிக் மேல கிளிக். சரி, கூட்டம் அள்ளப்போகுதுன்னு வாசலையே பார்த்துட்டு இருக்கேன். ஒரு குருவிகூட எட்டிப் பார்க்கல.”

காற்றடித்து முடித்ததும் சுண்டு நேரே வீட்டுக்கு வந்துவிட்டாள். படியில் உட்கார்ந்து அண்ணனைப் போனில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள்.

“ஐயையோ!” என்றான் அண்ணன். “கிளிக் பண்ணச் சொல்லி யாரையும் கேட்கவே கூடாது. உனக்கு நான் சொல்லியிருக்கணும்.”

“அந்த அக்காவுக்குக் காசு திரும்பக் கிடைக்குமா?”

“விளம்பரக் கம்பெனிக்கு நடந்ததை எழுதினா கிடைக்கலாம். ஆனா நம்ம கணக்கை மூடிடுவாங்க. பூதக்கண்ணாடி அவ்வளவுதான்.”

“மூடட்டும். எழுது” என்றாள் சுண்டு. அது சுலபமாக வந்துவிட்டது. கஷ்டமானது பெஞ்சில் காத்திருந்தது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரிடமும் சொன்னாள். “இனி யாரும் கிளிக் பண்ணாதீங்க. அது ஒரு அக்காவோட காசு. விளம்பரத்தையே எடுத்தாச்சு.”

“அப்போ ஐஸ்கிரீம்?”

“இல்ல.”

“போ புதுசு! இதுக்குத்தான் இந்தக் கோடியில வந்து நசுங்கிட்டு உட்கார்ந்தோமா?” வாயாடி டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தாள். ஒவ்வொருவராக எல்லோரும் எழுந்து போனார்கள்.

பெஞ்சு முன்னைவிட நீளமாகிவிட்டதுபோல் தெரிந்தது.

சாயங்காலம் கடைக்குப் போய் அக்காவிடமும் எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா கைப்பேசியைப் பட்டென்று கீழே வைத்தார்.

“யாராவது வருவாங்கன்னு நாள் பூரா வாசலைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கிறது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியும் அக்கா. நானும் அப்படித்தான் உட்காருவேன்.”

அக்கா அவளை உற்றுப் பார்த்தார். கோபம் இருந்த இடம் தெரியவில்லை.

“உங்க கடையைப் பத்தி என் பக்கத்துல சும்மாவே எழுதட்டுமா?”

“உன் பக்கத்தை எத்தனை பேர் படிப்பாங்க?”

“அண்ணன்” என்றாள் சுண்டு. “அப்புறம், நான்.”

அக்கா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். “எழுது, எழுது. ரெண்டு பேர்னா ரெண்டு பேர்!”

விளம்பரக் கம்பெனி, அக்காவின் காசைத் திருப்பிக் கொடுத்தது. அண்ணன் சொன்னபடியே அவர்கள் கணக்கை மூடியது. சுண்டு பழையபடி படியில் உட்கார்ந்தாள், எழுதினாள். மதியத்தில் மெதுவாக மென்று சாப்பிட்டாள்.

ஒருநாள் அவள் டப்பாவின்மேல் நீளமான நிழல் விழுந்தது. நெட்டை. வகுப்பில் கடைசி வரிசையில் இருப்பவள். கேட்டால்கூட ஒரு வார்த்தையில்தான் பதில் சொல்வாள்.

“ஒண்ணு கேக்கணும்” என்றாள் நெட்டை.

“விளம்பரம் இப்ப இல்ல.”

“அது எனக்கெதுக்கு? நான் ஒரு தடவைகூட அதைத் தொடல. சிலந்தியைத்தான் படிச்சேன்.” நெட்டை குரலைத் தாழ்த்தினாள். “மூணாவது மாடி மூலையில ஒரு சிலந்தி முட்டைப் பையைத் தூக்கிட்டுத் திரியுதுன்னு எழுதியிருந்தியே. அப்புறம் அதைப் பத்தி ஒண்ணுமே காணோம். ராத்திரி தூக்கம் வரல. குட்டி வந்துச்சா இல்லையா?”

சுண்டு வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கினாள்.

“வந்துடுச்சு. நேத்துதான்! கடுகு கடுகா, அம்மா முதுகு பூரா. இன்னும் எழுதல. நேர்லயே பார்க்கறியா?”

“இன்னைக்கா?”

“இன்னைக்கே” என்று சொல்லி, சுண்டு பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்தாள்.