கடைசிச் சில்லு

தன் கூட்டல் இயந்திரத்தின் எண் சில்லுகளை, ஆறு சக்கரத்தையும், பூச்சியத்துக்குத் திருப்பி வைத்துவிட்டுத்தான் சோதிலிங்கம் தேத்தண்ணி போட மேலே போனார். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆவி பறக்கும் குவளையோடு கராஜுக்குள் திரும்பி இறங்கியபோது, இயந்திரத்தின் ஆறு சிறு ஜன்னல்களில் ஐந்தில் பூச்சியம் அப்படியே இருந்தது. வலதுபக்கம் கடைசி ஜன்னலில் மட்டும் ஒன்று நின்றது.

புலம்பெயர்ந்து வந்த நாட்டில், ரானுயி என்ற புறநகரில், ரயில் பாதைக்குப் பின்னாலுள்ள சரிவில் கட்டிய பழைய பலகை வீடு அது. மேலே இரண்டு அறையும் குசினியும். குசினித் தரைக்கு நேர் கீழே கராஜ். ஆறு வருடமாக அங்கே கார் நின்றதில்லை. நடுவில் நீண்ட மேசை, மேசையில் பித்தளை இயந்திரம், சுற்றிவர அரங்கள், திருகாணிகள், எண்ணெய்க் குப்பிகள். ஜூலை மழை தகரக் கூரையில் காலையிலிருந்து விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. சுவரின் ஈரப் பூஞ்சணமும் இயந்திர எண்ணெயும் கலந்த மணம் அவருடைய உடுப்புகளிலும் ஏறிவிட்டது என்று மனைவி ரதிதேவி எப்போதும் சொல்வாள்.

கைபிடியை ஆட்டிப் பார்த்தார். இறுக்கமாக இருந்தது. தானாகச் சுழல வழியில்லை.

ஹென்டர்சனில் ஒரு உலோகப் பட்டறையில் வாரம் மூன்று நாள் அவருக்குக் கடைசல் வேலை. மற்ற நாளெல்லாம் இதுதான். மின்சாரமே இல்லாத காலத்தில், வெறும் பற்சில்லுகளைக் கொண்டு கூட்டிக் காட்டும் இயந்திரம் செய்யப் புறப்பட்டுத் தோற்றவர்களைப் பற்றி எங்கோ வாசித்திருந்தார். அவர்களிடம் இருந்ததை மட்டும் வைத்துக்கொண்டு தானும் ஒன்று செய்து பார்ப்பது என்று இறங்கிவிட்டார். முதலாவதை மரத்தில் செய்தார். ஒரே குளிர்காலத்தில் ஈரம் குடித்துப் பருத்து இறுகிப்போனது. இரண்டாவது வார்ப்பிரும்பு, பல்லெல்லாம் உடைந்தது. மூன்றாவதுதான் பித்தளை.

எண்களைக் கூட்டுவது பெரிய வேலையில்லை. ஒன்பதுக்கு அடுத்தது வரும்போதுதான் வில்லங்கம். ஒரு சில்லு ஒன்பதைத் தாண்டிப் பூச்சியமாகும் அதே நேரத்தில் பக்கத்துச் சில்லை ஒரு பல் தள்ள வேண்டும். பள்ளிக்கூடத்தில் 'மனதில் ஒன்று' என்று வைத்துக்கொள்வோமே, அந்த ஒன்றை இரும்புக்கும் பித்தளைக்கும் சொல்லிக் கொடுப்பது எப்படி? ஆறு ஒன்பதுகளை நிரையாக வைத்து ஒன்றைக் கூட்டினால், ஆறு சில்லையும் ஒரே தள்ளலில் தள்ளுவதற்குப் பலம் போதாமல் நாலாவதில் இறுகி நின்றுவிடும். நாற்பது தடவை கழற்றினார், நாற்பது தடவை அராவினார். கடைசியில் ஏப்ரலில்தான், ஒவ்வொரு கொக்கியும் தன் சில்லோடு மெல்ல மெல்ல உயர்ந்து, நேரம் வந்ததும் தன் பாரத்தாலேயே விழுந்து பக்கத்துச் சில்லைத் தள்ளும்படி செய்தார். ஆறு ஒன்பதும் ஒரே சடசடப்போடு பூச்சியமாகின. ஈரக்கையோடு ஓடி இறங்கி வந்த ரதிதேவி, அவர் மேசையில் தலையை வைத்து அழுவதைக் கண்டாள்.

"இனி இது பிழை விடாது, ரதி," என்றார். "இது ஒருநாளும் பிழையா எண்ணாது."

இப்போது அவர் சில்லை மறுபடி பூச்சியத்துக்குத் திருப்பினார். பக்கத்தில் நின்று பார்த்தார். பத்து நிமிடம் ஒன்றும் இல்லை. எண்ணெய்க் குப்பியை எடுக்கக் குனிந்தார்.

டிக்.

ஒன்று.

நாலரை ரயில் போன சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மேலே படியில் ரதிதேவியின் சப்பாத்துச் சத்தம், திறப்புச் சத்தம். அவள் உள்ளே கால் வைத்த அதே கணத்தில், அவர் கண்ணுக்கு முன்னாலேயே சில்லு ஒரு பல் நகர்ந்தது. இரண்டு.

"இஞ்சேருங்கோ, கீழையோ நிக்கிறியள்? உடுப்பெல்லாம் ஈரமாப் போச்சு," என்று மேலிருந்து குரல் வந்தது.

அடுத்த சில நாட்கள் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். ரதிதேவி விடியக்காலை முதியோர் இல்லத்து வேலைக்குப் போனால் ஒன்று. வந்தால் இரண்டு. குப்பைத் தொட்டியை வீதிக்குத் தள்ளிக்கொண்டு போய் வரும் இரண்டு நிமிடத்துக்கும் ஒன்று. பயம் இல்லாமல் இல்லை. ஆனால் பயத்துக்கு அடியில் ஒரு சந்தோசமும் இருந்தது. அதை யாரிடமும் சொல்ல முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, ஏவன்டேல் சந்தையிலிருந்து கீரையும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு வசீகரன் வந்தான். பட்டறையில் கூட வேலை செய்கிறவன். அவன் கராஜுக்குள் தலையை நீட்டியதும் சில்லு மூன்றுக்குப் போனது. சோதிலிங்கம் விசயத்தைச் சொன்னார்.

வசீகரன் சிரித்தான். "வாசலிலை எங்கையோ சென்சர் பூட்டி வைச்சிருக்கிறியள், என்ன அண்ணை?"

"வயரே இல்லை, வசீ. குனிஞ்சு பாரும்."

அவன் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தான். கையால் தடவிப் பார்த்தான். நிமிர்ந்தபோது சிரிப்பு பாதிதான் மிச்சம் இருந்தது. "அப்ப நாங்கள் வாறது போறது இதுக்கு எப்பிடித் தெரியுது?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை."

வசீகரன் ரோட்டில் நின்ற தன் காருக்குப் போனான். இரண்டு. திரும்ப வந்தான். மூன்று. இன்னொரு முறை போனான். அதன்பிறகு உள்ளே வரவில்லை. வேலிக்கு அங்கால் நின்றே, "நான் வெளிக்கிடுறன் அண்ணை," என்றான். கீரைப் பை மேசையில் கிடந்தது.

வியாழக்கிழமை பின்னேரம் நாலரை மணி. சோதிலிங்கம் தனியே கராஜில் இருந்தார். மழை சற்று ஓய்ந்து, கூரை விளிம்பிலிருந்து சொட்டுகள் ஒவ்வொன்றாக வாளிக்குள் விழும் சத்தமும், தூரத்தில் யாரோ நாயைக் கூப்பிடும் சத்தமும், பழைய குளிர்பெட்டியின் இடைவிடாத முனகலும் சேர்ந்து, அந்த மங்கலான வெளிச்சத்தை இன்னும் கனமாக்கின. ஜன்னலில் ஒன்று நின்றது. அவர்தான் அந்த ஒன்று.

டிக்.

இரண்டு.

படியில் சத்தம் கேட்கவில்லை. திறப்புச் சத்தமும் கேட்கவில்லை.

"ரதி?"

கைபேசியை எடுத்தார். ரதிதேவியிடமிருந்து செய்தி வந்திருந்தது. ஹென்டர்சன் ஸ்டேசனில் நிற்கிறாள், ரயில் பிந்துமாம்.

அரத்தைக் கையில் இறுகப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார். குசினியில் யாரும் இல்லை. படுக்கையறை, அலுமாரி, கட்டிலுக்குக் கீழே, குளியலறைத் திரைக்குப் பின்னால், எங்கும் யாரும் இல்லை. ஆனால் வீட்டில் ஒரு மணம் இருந்தது. பூஞ்சணம் அல்ல. சேற்றின் மணம். கரையொதுங்கி அழுகிய சாதாழைக் கடற்பாசியின் மணம், அதற்குள் மெல்லியதாக மண்ணெண்ணெய். இந்த நாட்டுக் கடலுக்கு இந்த மணம் இல்லை. நடையின் பலகைத் தரையில் ஒரு ஈரக் கோடு, பாதங்கள் இல்லாமல், நனைந்த சேலைத்தலைப்பு இழுபட்டதுபோல், முன்கதவிலிருந்து குசினி மேசைவரை நீண்டிருந்தது. குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

உப்பு.

அங்கேயே தரையில் இருந்துவிட்டார்.

முப்பது வருடங்களுக்கு முன்பு, ஊரில், கடல்நீரேரிக் கரையில் வள்ளங்களுக்கு எஞ்சின் திருத்துகிறவராக இருந்தார். போரில் இடம்பெயர்ந்து போகிற சனங்களை இருட்டோடு இருட்டாக அக்கரைக்குக் கொண்டுபோவார்கள். விளக்குக் கொளுத்த முடியாது. ஏறும்போது தலை எண்ணுவதும், அக்கரையில் இறங்கும்போது திரும்ப எண்ணுவதும் அவர் வேலை. எண்ணிக்கை குறைந்தால் வள்ளம் திரும்பிப் போய்த் தேடும். அன்றைக்குக் கடைசியாக ஏறிய பெண் இடுப்பளவு தண்ணீருக்குள்ளால் வந்தாள். நனைந்த பின்னல் முதுகோடு ஒட்டியிருந்தது. வள்ளத்தின் பின் விளிம்பில் இருந்துகொண்டு, "தம்பி, என்னை எண்ணியாச்சோ?" என்று கேட்டாள்.

"ஓம், ஓம்," என்றார் அவர். எண்ணவில்லை. எஞ்சின் அடைத்துக்கொண்டிருந்தது, அவசரம்.

அவர் கணக்கில் பதினெட்டு. வள்ளத்தில் இருந்தது பத்தொன்பது. அக்கரையில் பதினெட்டுப் பேர் இறங்கினார்கள். கணக்குச் சரி. ஒருவரும் திரும்பிப் போய்த் தேடவில்லை. நாலாம் நாள் அவளுடைய தமையன் ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினான். படத்தைப் பார்த்துக்கொண்டே, "என்ர கணக்கிலை எல்லாரும் இறங்கிட்டினம்," என்று சொன்னார் சோதிலிங்கம்.

ரதிதேவிக்குக்கூட இது தெரியாது.

கீழே ஓடினார். ஜன்னலில் இரண்டு. திருகாணிகளைக் கழற்றினார். கை வழுக்கியது. கைபிடியை உருவினார். ஆறு கொக்கியையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி பிஸ்கற் டின்னுக்குள் போட்டு மூடினார். இனிச் சில்லுகளைத் தள்ள ஒன்றும் இல்லை. ஆறு வருட வேலை. பரவாயில்லை. மூச்சு வாங்கியது. இருட்டிக்கொண்டு வந்தது. ரயில் போனது. படியில் சப்பாத்துச் சத்தம்.

டிக்.

மூன்று.

அவர் மேலே போனபோது ரதிதேவி வேலைச் சீருடையோடேயே சொதியைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். விடிய நாலு மணிக்கு எழும்புகிறவள் என்பதால் ஐந்தரைக்கே சாப்பாடு. அந்த மணம் அவளுக்குத் தெரியவில்லைபோலும். ஈரக் கோட்டின் மேல் நடந்து போய் அலுமாரியைத் திறந்தாள். மூன்று தட்டு எடுத்தாள்.

"ரதி, ஆர் வருகினம்?"

"ஒருத்தரும் வரேல்லையே. ஏன்?"

"மூண்டு தட்டு எடுத்திருக்கிறாய்."

அவள் திரும்பி அவரை விளங்காமல் பார்த்தாள். "எங்கடை வீட்டிலை எத்தினை பேர்? மூண்டு பேர்தானே."

சொல்லிவிட்டு, வழக்கமான வேலை செய்வதுபோல் இடியப்பத்தைப் பிரித்து மூன்று தட்டிலும் வைத்தாள். சுவரோரக் கதிரைக்கு முன்னால் ஒரு தட்டை நகர்த்தினாள். கதிரை வெறுமையாக இருந்தது. அதன் கால்களுக்குக் கீழே தண்ணீர் மெல்லத் தேங்கியது.

"அக்கா, சொதி போதுமோ?" என்று அந்தக் கதிரையைக் கேட்டாள். தலையைச் சரித்துப் பதிலைக் கேட்டாள். "ஓம், ஓம். உறைப்புக் குறைவாத்தான் போட்டனான்."

"ரதி. ஆரோடை கதைக்கிறாய்? ரதி, நான் உனக்கு ஒண்டு சொல்லோணும். கனகாலமாச் சொல்லாமல் விட்டது. ஒரு வள்ளம்..."

கால்களுக்குக் கீழே, பலகைக்கு அடியிலிருந்து சத்தம் வந்தது.

டிக்.

இந்த முறை யாரும் உள்ளே வரவில்லை. யாரும் வெளியேயும் போகவில்லை.

ரதிதேவியின் கை பாதியில் நின்றது. அவர் முகம் இருந்த இடத்தைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தாள். பிறகு அவருக்கு முன்னாலிருந்த தட்டைக் கையில் எடுத்தாள்.

"ரெண்டு பேருக்கு இவ்வளவு ஏன் போட்டனான்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, இடியப்பத்தைத் திரும்பச் சட்டிக்குள் கொட்டினாள்.

"ரதி!"

தோளைப் பிடித்து உலுக்கினார். அவள் சுவெற்றரை இழுத்து மூடிக்கொண்டாள். "சரியான குளிர், என்ன அக்கா?"

கத்தினார். மேசையை அடித்தார். குவளைத் தண்ணீர்கூட அசையவில்லை. தன் கையைப் பார்த்தார். கை இருந்தது. அவருக்கு மட்டும் இருந்தது.

அப்போதுதான் கதிரையில் இருந்தவள் அவருக்குத் தெரிந்தாள்.

முதலில் முதுகு. பின்னல். பின்னலின் நுனியிலிருந்து சொட்டும் தண்ணீர். குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நெடுநாள் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கிய விரல்கள், அவசரமே இல்லாமல், இடியப்பத்தைச் சொதியில் பிசைந்தன. மெல்லத் திரும்பினாள். தலைமயிர் முகம் முழுக்க ஒட்டியிருந்தது. முகம் தெரியவில்லை. வாய் மட்டும் தெரிந்தது.

அவள் கையை நீட்டி ரதிதேவியின் தோளில் விரலை வைத்தாள்.

"ஒண்டு."

விரலைத் தன் நெஞ்சில் வைத்தாள்.

"ரெண்டு."

விரல் மீண்டும் உயர்ந்தது. அவர் பக்கம் வந்தது. சோதிலிங்கம் ஓடவில்லை. மேசையின் மேலால் சாய்ந்து, இரண்டு கையாலும் சட்டையை விலக்கி, நெஞ்சை அந்த விரலுக்கு நேரே கொண்டுபோனார். "நான் இருக்கிறன். அக்கா, நான் இஞ்சை இருக்கிறன்."

விரல் நெஞ்சுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. தண்ணீர் ஒரு துளி சொட்டியது.

பிறகு விரல் அவரை எண்ணாமலே தாண்டிப் போனது.