துப்பட்டி மடி

காமிராவின் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்த பிறகுதான் நாகூர் கனிக்கு அது உறைத்தது. சாதிகா அழவில்லை. காலையிலிருந்து வீட்டையே இரண்டாக்கிக்கொண்டிருந்த பிள்ளை, அம்மா மடியில் இம்மியும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"இப்பத்தான் வழிக்கு வந்திருக்கா," என்றான். துப்பட்டிக்குள்ளிருந்து பதில் வரவில்லை.

ரங்கூனில் கடை வைத்திருக்கும் மாமனார் பேத்தியை இன்னும் பார்த்ததில்லை. அவருக்கு அனுப்பத்தான் இந்தப் படம். பத்து மாதப் பிள்ளை ஆடினால் படத்தில் முகம் கலங்கிவிடும். யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். அவன் மனைவி மெஹருன்னிசாவோ படத்தில் முகம் காட்ட மாட்டாள். அதனால் கனி ஒரு வழி செய்தான். வெளியே போகும்போது போர்த்திக்கொள்ளும் வெள்ளைத் துப்பட்டியால் தலையோடு கால் மூடிக்கொண்டு அவள் முற்றத்து நாற்காலியில் உட்கார வேண்டும். பிள்ளையை மடியில் வைத்து, துணிக்கு உள்ளிருந்தே இடுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பார்க்கிறவர்களுக்கு வெள்ளைத் திரைக்கு முன்னால் பிள்ளை மட்டும் இருப்பதாகத் தெரியும்.

முதல் படத்தைச் சாதிகா உதைத்தே கெடுத்துவிட்டாள். "ஆட விடாத, புள்ள" என்று கனி கத்தினான். "நான் என்ன மச்சான் செய்ய? எம்புட்டுப் பிடிச்சாலும் வழுக்கிட்டுப் போறா" என்று துணிக்குள்ளிருந்து மெஹருன்னிசா அலுத்துக்கொண்டாள். படம் பதியும் கண்ணாடிப் பிளேட்டை மாற்றச் சாமான் அறைக்குள் போய்விட்டு அவன் திரும்பியபோது, துப்பட்டியும் பிள்ளையும் தயாராக உட்கார்ந்திருந்தார்கள்.

இரண்டாவது படத்துக்குக் குனிந்தபோது அந்த வாடை வந்தது. கனி மதுரைத் தெற்குவாசலில் அத்தர் விற்பவன்; படம் பிடிப்பது ஆசைக்குத்தான். அத்தர் விற்பவனுக்கு மூக்குதான் முதலாளி. புளித்த பால், அதற்கு அடியில் கழுவாத ஆட்டுக்குடல், இன்னும் அடியில் எலி செத்துக் கிடக்கும் சுவரின் ஈரம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக, வெயில் காய்ந்த முற்றத்தைக் கடந்து, கறுப்புத் துணிக்குள் புகுந்து, அவன் நாக்கின்மேலேயே வந்து படிந்தது.

பிள்ளை பெற்றதிலிருந்தே அவனால் மனைவியின் பக்கத்தில் போக முடியவில்லை. ரவிக்கையில் ஊறும் பால், தோளில் காய்ந்த தயிர்க்கட்டி, மடியில் ஈரத்துணி. "பெத்த புள்ள மூத்திரம் பன்னீருடா" என்று அவன் அம்மா கேலி செய்வாள். கனிக்கு மூத்திரம் மூத்திரமாகத்தான் நாறியது. பாயைத் தனியாக இழுத்துப் போட்டுக்கொண்டு மாதக்கணக்காகிவிட்டது. ஆகவே இந்த நாற்றத்தையும் மெஹருன்னிசாவின் தலையில் போட்டுவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டான்.

காமிராக் கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத் தெரிந்தது. சாதிகாவின் வாய் எதையோ சப்பிக்கொண்டிருந்தது. அவள் முகவாயிலிருந்து மஞ்சளாக ஏதோ மேல்நோக்கி ஒழுகியது. எச்சில்தானே என்று கனி அவசரமாகப் படத்தை எடுத்து முடித்தான்.

"அப்படியே உட்காரு. இன்னொன்னு எடுக்கணும், எந்திரிக்காத," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டே சொல்லிவிட்டு, சாமான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டான்.

சிவப்பு விளக்கின் கீழ், மருந்துத் தண்ணீருக்குள் படம் மெல்ல எழுந்தது. கண்ணாடியில் வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும்தான் வரும். அவன் கண்ணுக்கு அது பழகியதுதான். துப்பட்டி கரியாக எழுந்தது. பிள்ளையின் முகம் துல்லியமாக எழுந்தது. அப்புறம் இடுப்பில் விரல்கள். துணிக்கு வெளியே.

கையை வெளியே நீட்டித் தொலைத்திருக்கிறாள் என்று எரிச்சல் வந்தது. கிட்டே வைத்துப் பார்த்தான். விரல்கள் பிள்ளையின் வயிற்றைச் சுற்றி முதுகுக்குப் போய், மறுபடி முன்பக்கம் வந்திருந்தன. நகம் இல்லை. ஒன்று மட்டும் மேலே வளைந்து சாதிகாவின் வாய்க்குள் போயிருந்தது.

மதுரை வெயிலுக்குப் பிளேட்டின் பூச்சு இளகி வழியும். அப்படித்தான் விரல்கள் நீண்டிருக்க வேண்டும். கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். பூச்சு இளகவில்லை.

"மெஹரு! கையை ஏன் வெளிய நீட்டுன?"

சுவருக்குப் பின்னால், கொல்லையில், கிணற்று உருளையின் சத்தம் நின்றது.

"யாரு, நானா? நீங்க பிளேட்ட மாத்தப் போனப்பவே புள்ள நனைச்சிட்டா, துணி அலச வந்துட்டேனே, மச்சான். துப்பட்டி நாற்காலியிலதான் கிடக்கு. புள்ளையத் தொட்டில்ல போட்டேன். முழிச்சிட்டாளா?"

கனி கதவைத் திறந்தான்.

துப்பட்டி உட்கார்ந்திருந்தது. அவன் சொன்னபடியே. எழுந்திருக்கவில்லை.

சாதிகாவின் தலை இப்போது துணிக்குள் இருந்தது. குண்டுக் கால்கள் மட்டும் வெளியே சுகமாக ஆடின. சப்புகிற சத்தம். நிதானமாக. நடுநடுவே விழுங்குகிற சத்தம். துணியின் விளிம்பிலிருந்து தரையில் ஏதோ கோழையாகச் சொட்டியது. அந்த இடத்தில் ஈ கூட உட்காரவில்லை.

மெஹருன்னிசா ஈரக் கையோடு கொல்லை வாசலில் வந்து நின்றாள். நாற்காலியைப் பார்த்தாள். நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"எடுங்க," என்றாள். "நீங்கதான் கிட்டக்க நிக்கிறீங்க. எம்புள்ளைய எடுங்க, மச்சான்."

ஒரு எட்டுதான். கை நீட்டினால் பட்டுவிடும். அந்த ஈரம். அந்தத் துணி. அதற்குள் இருப்பது. அவன் கை வேட்டியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. பெற்ற மகள்தான்; ஆனாலும் கை நீள மறுத்தது. தன்னை நினைத்தே அவனுக்கு அருவருத்தது.

கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையின் அக்குளில் கை கொடுத்தான். வழுக்கியது. பற்றினான். இழுத்தான்.

பிள்ளை வந்தாள். அவள் வாயோடு அதுவும் வந்தது. வெளுத்த சதை. துப்பட்டிக்குள்ளிருந்து முழம் முழமாக. அறுபடவில்லை. கனியின் முழங்கையில் வெதுவெதுப்பாகப் படிந்தது. சாதிகா நிமிர்ந்து அத்தாவைப் பார்த்துக் கண்ணால் சிரித்தாள். அவள் தொண்டை ஏறி ஏறி இறங்கியது.