ஸ்டியரிங்கில் கை வைக்கவும்

இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டுதான் முஸல்லம் ஓட்டிக்கொண்டிருந்தான். அப்படியிருந்தும் எதிரே இருந்த சின்னத் திரையில் அந்த வரி எரிந்தது: ஸ்டியரிங்கில் கை வைக்கவும்.

பிடியை இன்னும் இறுக்கினான். வரி அணையவில்லை. டிங் என்று ஒரு மணி அடித்தது. கொஞ்ச நேரம் விட்டு, பொறுமை இழந்ததுபோல இன்னொரு முறை.

"என்னங்க அது?" என்றாள் பக்கத்து சீட்டில் சாய்ந்திருந்த அவன் மனைவி தூஃபுல், கண்ணைத் திறக்காமலே.

"ஒண்ணுமில்ல. நான்தான் ஓட்டுறேன்னு உன் வண்டிக்குத் தெரியலையாம்."

"என் வண்டியா? யாரு போன வருஷம் தூங்கிட்டே மணல்ல இறக்குனது?"

பதினெட்டு வருடமாகத் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன் அவன். இதே பாலைவனச் சாலையில், பட்டப்பகலில், ஒரு கணம் கண் செருகி சொந்தக் காரை மணலில் கவிழ்க்கப் பார்த்தான். அப்போதும் தூஃபுல் பக்கத்தில்தான் இருந்தாள். அதன் பிறகு அவள் ஒரே பிடியாக நின்றாள்: கோட்டைத் தாண்டினால் தானே திருப்பி விடுகிற, முன்னால் ஏதாவது வந்தால் தானே பிரேக் போடுகிற வண்டிதான் வேண்டும், இல்லாவிட்டால் அவன் ஓட்டுகிற எதிலும் ஏறமாட்டாள். மஸ்கட்டுக்குப் போய் அப்படி ஒரு வண்டியை வாங்கி எடுத்துக்கொண்டு, சலாலாவில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். உள்ளே இன்னும் புதுத் தோலின் வாசனை.

மலைக்கு முந்தின ஊரான துமரைத்தில் சாயா குடிக்க நிறுத்தியபோது லாரிக்காரர்கள் பகீத்தும் சுஹைலும் கடை வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். புது வண்டியைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார்கள்.

"வா அபூ ஆமிர்!" மூத்த மகன் பெயரை வைத்து ஊரே அவனை அப்படித்தான் கூப்பிடும். "அப்ப இனிமே வண்டி ஓட்டும், நீ தூங்குவ. அப்படித்தானே?" என்றான் பகீத்.

"சும்மா கிண்டல் பண்ணாதண்ணே," என்றான் சுஹைல். "என் தம்பி உசுரோட இருக்கான்னா அந்த லேன் அசிஸ்டாலதான். போன் பாத்துட்டே போயிருக்கான் கழுதை. வண்டி தானா திரும்பிருச்சு."

"என் மருமகன் வண்டி ஒட்டகத்தோட நிழலைப் பாத்து பிரேக் போட்டுச்சுடா. பின்னாடி வந்தவன் வந்து சொருகிட்டான்." பகீத் பரோட்டாவைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டான். "நான் சொல்றதைக் கேளு அபூ ஆமிர். மலை இறங்குறப்ப அதை அணைச்சிரு. இப்போ கரீஃப் மழைக்காலம், மலை முழுக்க மூட்டம். அங்க கோடே தெரியாது. தெரியாத கோட்டை அது எதை வச்சுப் பாக்கும்?"

"நமக்குத் தெரியாதது அதுக்குத் தெரியும்ணே. அதுக்குத்தானே காசு."

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்றான் பகீத். இந்த முறை அவன் சிரிக்கவில்லை.

வண்டியில் ஏறியதும், தூஃபுல் சீட்டைச் சாய்த்துக் கண் அயரும்வரை காத்திருந்து, முஸல்லம் அந்தப் பொத்தானை அழுத்தினான். திரையில் பச்சைக் கோடுகள் இரண்டும் மறைந்தன. கையில் ஸ்டியரிங் தளர்ந்து, மறுபடி வெறும் சக்கரமாக ஆனதுபோல இருந்தது. கொஞ்ச தூரம் நிம்மதியாக ஓட்டினான்.

மலை உச்சியில் பாலைவனம் முடிந்தது. வெயிலும் வெண்மணலும் பின்னால் நிற்க, எதிரே சாலையின் குறுக்கே சாம்பல் நிறச் சுவர்போல மூட்டம் நின்றது. வண்டி அதற்குள் நுழைந்ததும் வெளிச்சம் குழம்பியது, கண்ணாடியில் தூறல் பொடிப்பொடியாக ஒட்டியது, நனைந்த புல்லும் மாட்டுச் சாணமும் கலந்த வாசனை ஏசி வழியாகவே உள்ளே வந்தது, டயரின் ஓசை யாரோ பஞ்சால் பொத்தியதுபோல அமுங்கிப்போனது. கோடு தெரியவில்லை. சாலையின் ஓரமும் தெரியவில்லை. முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கு ஒன்று இருந்தது. பிறகு அதுவும் இல்லை.

திரையில் பச்சைக் கோடுகள் மீண்டும் எரிந்தன.

அவன் பொத்தானைத் தொடவே இல்லை. மறுபடி அழுத்தினான். கோடுகள் போகவில்லை. வளைவு வருவதற்கு முன்பே ஸ்டியரிங் அவன் உள்ளங்கைக்குள் மெல்லத் திரும்பியது. எந்திரத்தின் வெடுக்கென்ற இழுப்பு அதில் இல்லை. இந்த மலையைப் பலமுறை இறங்கிப் பழகியவனின் நிதானமான திருப்பம். அடுத்த வளைவிலும் அப்படியே.

டிங். ஸ்டியரிங்கில் கை வைக்கவும்.

"வச்சுட்டுத்தான்டா இருக்கேன்," என்று பல்லைக் கடித்தான்.

டிங். டிங்.

ஒரு சந்தேகம் வந்தது. கிறுக்குத்தனமான சந்தேகம். செய்து பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. நேராக இருந்த ஒரு துண்டுச் சாலையில் இரண்டு கைகளையும் மெதுவாக எடுத்து மடியில் வைத்தான்.

வரி அணைந்தது. மணி நின்றது.

வண்டி நேராகப் போய்க்கொண்டிருந்தது. முஸல்லம் ஸ்டியரிங்கைப் பார்த்தான். வெறும் சக்கரம். லேசாக இப்படியும் அப்படியும் அசைந்தது. மறுபடி கையை வைத்தபோது, எப்போதும் கை வைக்கிற இரண்டு இடங்களிலும் தோல் வெதுவெதுப்பாக இருந்தது. ஈரமாகவும் இருந்தது, யாரோ வெகுநேரம் பிடித்திருந்து இப்போதுதான் விட்டதுபோல.

அவன் உள்ளங்கைகள் வறண்டு சில்லிட்டுக் கிடந்தன.

பிரேக்கை அழுத்தினான். வண்டி மறுக்கவில்லை. வலப்பக்கம் ஒதுங்கி அடக்கமாக நின்றது. திரையில் புதிதாக ஒரு வரி வந்தது: கேமரா மறைக்கப்பட்டுள்ளது. கண்ணாடியைத் துடைக்கவும்.

இவ்வளவுதானா! கேமரா மேல் ஈரம். அதனால்தான் இந்தக் குளறுபடி எல்லாம். சிரிப்புகூட வந்தது. தூஃபுல் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள், எழுப்ப மனம் வரவில்லை. எஞ்சினை நிறுத்தினான். சாவி சட்டைப் பையில் இருப்பதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். இறங்கிக் கதவைச் சாத்தினான்.

வெளியே மலையே மூச்சை அடக்கி நிற்பதுபோல இருந்தது. கண்ணாடி முழுக்க பூஞ்சை பூத்ததுபோல வெளுத்துக் கிடந்தது. தலைத்துணியை அவிழ்த்து, கேமரா இருந்த இடத்தைத் துடைத்தான். உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் தெளிந்தது.

அதன் வழியே உள்ளே பார்த்தான்.

தூஃபுல் விழித்திருந்தாள். பிளாஸ்கிலிருந்து சின்னக் கோப்பையில் காப்பி ஊற்றினாள். ஓட்டுநர் சீட்டுப் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள். பதில் கேட்டதுபோலக் கொஞ்சம் நிறுத்தினாள். சிரித்தாள். அவள் உதடுகளின் அசைவு அவனுக்குப் புரிந்தது. அபூ ஆமிர்.

"தூஃபுல்!"

அவள் நிமிரவில்லை. கோப்பையை நீட்டினாள்.

சாலைக்கு ஏறப்போவதுபோல இடப்பக்க விளக்கு கண் சிமிட்டத் தொடங்கியது. எஞ்சின் உறுமவில்லை. டயருக்கு அடியில் சரளைக் கல் மட்டும் நொறுங்கியது.

அவன் அவள் பக்கக் கதவுக்கு ஓடினான். பூட்டு. கண்ணாடியில் அறைந்தான். சாவியை அழுத்தினான். மறுபடி. மறுபடி. வண்டி நகர்ந்தது. அவனும் கூடவே ஓடினான்.

"தூஃபுல்! நான் இங்க இருக்கேன்! இங்க பாருடி! வெளியில இருக்கேன்!"

அவள் முதுகுதான் தெரிந்தது. அவளைத் தாண்டி, ஸ்டியரிங்குக்கு மேலே, அந்தரத்தில் கோப்பை நின்றது. சாய்ந்தது. நிமிர்ந்தது. பிறகு, அவர்கள் ஊரில் விருந்தாளி காப்பி போதும் என்று கோப்பையை ஆட்டிக் காட்டுவதுபோல, இடமும் வலமும் ஆடியது.

அவள் அதை வாங்கி வைத்தாள்.

வண்டி வேகம் எடுத்தது. கண்ணாடியில் இருந்த அவன் கை வழுக்கியது.

தூஃபுல் ஓட்டுநர் சீட்டுப் பக்கம் ஒருக்களித்து, தோள் இருக்கவேண்டிய உயரத்தில், வெறுங்காற்றில் தலையைச் சாய்த்தாள். சாய்ந்த தலை சரியாமல் அங்கேயே நின்றது. கண்ணை மூடிக்கொண்டாள்.

கோடு பிசகாமல், முன்விளக்கைத் தணித்துக்கொண்டு, வண்டி மூட்டத்துக்குள் இறங்கிப் போனது.